ஏகலைவனின் வில், துரோணரின் விருது

சிறந்த விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்கென 1985-இல் இந்திய அரசு ஒரு விருதை ஏற்படுத்தியது. அதற்கு வைத்த பெயர் துரோணாச்சாரியார். நிஷாதச் சிறுவனுக்கு வில் கற்றுத்தர மறுத்து, அவன் தானாகவே கற்றுத் தேர்ந்த பிறகு வலது கட்டைவிரலைக் காணிக்கையாகக் கேட்டு வாங்கியவரின் பெயர். வீரர்களுக்கான விருது 1961 முதலே அர்ஜுனன் பெயரில் இருக்கிறது. அந்த விரல் போனதே அர்ஜுனனுக்கு நிகராக இன்னொருவன் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான். இந்தக் கதையை மேடைகளில் பலமுறை பேசியிருக்கிறோம். இந்தியாவில் வில்வித்தை ஒரு விளையாட்டாக உருவான வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் இது வெறும் புராணச் சங்கதி அல்ல என்பது தெரியும்.

1855-இல் சித்து, கானு தலைமையில் சந்தால் மக்கள் எழுந்தபோது கம்பெனிப் படையின் துப்பாக்கிக்கு எதிரே நின்றது வில். 1899-1900-இல் பிர்சா முண்டாவின் உல்குலானிலும் அப்படியே. வெள்ளையருக்கு அது கலகக்காரனின் ஆயுதம். சுதந்திரத்துக்குப் பிறகு அது வனத்துறையின் பார்வையில் குற்றவாளியின் கருவியானது. வேட்டையைக் கட்டுப்படுத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-இல். (காட்டுயிர்களைக் காக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. காட்டில் வாழ்பவரைக் கேட்காமலே சட்டம் போட்டார்கள் என்கிறோம்.) அதே 1972-இல், 1920-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் இடம்பெறாத வில்வித்தை மியூனிக்கில் மீண்டும் சேர்க்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 1973-இல், இந்திய வில்வித்தைச் சங்கம் பிறந்தது. காட்டில் குற்றமானது மைதானத்தில் விளையாட்டானது.

ஆனால் பதக்கம் வேண்டுமென்றால் காட்டுக்குத்தான் போக வேண்டியிருந்தது. 1980-களில் இந்திய விளையாட்டு ஆணையம் சிறப்புப் பகுதி விளையாட்டுத் திட்டத்தின் கீழ் பழங்குடிப் பகுதிகளில் ஆள் தேடியது. 1987-இல் ராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டத்தில் நடந்த தேர்வுக்கு மூங்கில் வில்லோடு வந்தவர்களில் ஒருவர் லிம்பா ராம். அஹாரி பழங்குடியைச் சேர்ந்த, காட்டில் வேட்டையாடிப் பழகிய பையன். மறு ஆண்டே சியோல் ஒலிம்பிக்கில் நின்றார். இந்தியா ஒலிம்பிக் வில்வித்தையில் கலந்துகொண்டது அதுவே முதல் முறை. 1992-இல் பெய்ஜிங்கில் நடந்த ஆசியப் போட்டியில் 30 மீட்டர் பிரிவில் 360-க்கு 358 எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தார். 36 அம்புகளில் இழந்தது இரண்டே புள்ளி. தலைமுறை தலைமுறையாக வந்த பயிற்சியை எந்த அகாடமியின் கணக்கில் எழுதுவது?

இன்றைய ஒலிம்பிக் முறையில் நாணை மூன்று விரல்களால் இழுக்கிறார்கள். கட்டைவிரல் நாணைத் தொடுவதே இல்லை. துரோணர் இப்போது வந்தால் வேறு காணிக்கைதான் கேட்க வேண்டும். கேட்கவும் செய்கிறார்கள்: பணம். சைட்டும் ஸ்டெபிலைசரும் பொருத்திய ரிகர்வ் வில், கார்பன் அம்புகள் எல்லாம் சேர்த்தால் லட்சங்களில் போகும். மூங்கில், மர வில்லுக்கென ‘இந்தியன் ரவுண்ட்’ என்ற பிரிவு தேசியப் போட்டிகளில் இருக்கிறது. 30 மீட்டர், 50 மீட்டர். அதில் ஒரு கிராமத்துப் பிள்ளை தேசியத் தங்கமே வென்றாலும் அந்த வில்லோடு ஒலிம்பிக்குக்குப் போக முடியாது. அங்கே 70 மீட்டர், ரிகர்வ் வில். யாராவது வாங்கிக் கொடுத்தால்தான் அடுத்த படி.

அந்த இடத்தில்தான் 1996-இல் ஜம்ஷெட்பூரில் டாடா வில்வித்தை அகாடமி வந்தது. பலன் கிடைத்தது, மறுக்க வேண்டியதில்லை. ராஞ்சிக்கு அருகே ஆட்டோ ஓட்டுநர் மகளாகப் பிறந்த தீபிகா குமாரி அங்கே பயின்று 2012-இல் உலகத் தரவரிசையில் முதலிடம் பிடித்தார். ஹோ பழங்குடியைச் சேர்ந்த மங்கள் சிங் சாம்பியா 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் தரவரிசைச் சுற்றில் இரண்டாவதாக வந்தார். 2015 உலகப் போட்டியில் பெண்கள் அணி வெள்ளி வென்றது. தீபிகா, லட்சுமிராணி மாஜி, ரிமில் மூவருமே ஜார்கண்ட் பெண்கள். அதே மண்ணில் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் நிலம் இழந்த குடும்பங்களின் கணக்கையும் பக்கத்தில் வைத்துத்தான் இந்தப் பட்டியலைப் படிக்க வேண்டும்.

வில் பிடித்த கை இவர்களுடையது. சங்கத்தின் நாற்காலி? பல பத்தாண்டுகள் டெல்லி அரசியல்வாதி வி.கே. மல்ஹோத்ராவிடம் இருந்தது. விளையாட்டு விதிமுறைகளை மீறியதாக 2012 டிசம்பரில் அரசு சங்கத்தின் அங்கீகாரத்தை நீக்கியது. பிறகு இரு கோஷ்டிகள் ஆளுக்கொரு சங்கம் நடத்தின. 2019 ஆகஸ்டில் உலக வில்வித்தைச் சங்கம் இந்தியாவை இடைநீக்கம் செய்தது. சண்டை நாற்காலிக்காரர்களுக்குள், தண்டனை யாருக்கு? அந்த நவம்பரில் பாங்காக்கில் தீபிகா ஒலிம்பிக் தகுதி பெற்றபோது அவர் ஆடியது நாட்டின் கொடியில்லாமல். 2020 ஜனவரியில்தான் தடை நீங்கியது.

துரோணாச்சாரியார் விருதை வில்வித்தைப் பயிற்சியாளர்களும் பெற்றிருக்கிறார்கள்: 2007-இல் சஞ்சீவ சிங், 2013-இல் பூர்ணிமா மஹதோ. இருவரும் ஜார்கண்ட் பிள்ளைகளுக்கு உண்மையாகவே கற்றுத்தந்தவர்கள், விரலைக் கேட்டவர்கள் அல்ல. அப்படிப்பட்டவர்களுக்கு இந்தப் பெயரில் மரியாதை செய்வது அவர்களுக்கே அவமானம் என்பது நம் கருத்து. ஆண்டாண்டாக இருக்கும் பெயரை மாற்ற முடியாது என்பார்கள். 2021 ஆகஸ்டில் ராஜீவ் காந்தி கேல் ரத்னா ஒரே அறிவிப்பில் தயான்சந்த் கேல் ரத்னா ஆனதைப் பார்த்தோம். பழங்குடிப் பிள்ளைகள் படிக்கும் மத்திய அரசின் மாதிரி உறைவிடப் பள்ளிகளுக்கு ஏகலைவன் பெயர்தான். அந்தப் பிள்ளைகளில் ஒருவரை ஒலிம்பிக்குக்குத் தயார் செய்யும் பயிற்சியாளருக்கு அதே அரசு கொடுக்கும் விருது, இன்றைக்கும், துரோணர் பெயரில்.