சாண்டோ பனியனும் அப்பாவின் புஜமும்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் போனில் கேட்டார். "இயற்பியல் படித்துவிட்டு முப்பத்தைந்து வருஷம் பாங்க் கவுன்ட்டரில் உட்கார்ந்தவன் நான். என்னத்தை எழுத?" என்றேன். "சார், காலேஜ் நாள்ல பயில்வான் ஆகப் போனீங்களாமே, அதை எழுதுங்க!" என்றார். இதை அவரிடம் போட்டுக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். அவன் வீட்டுக்கும் இந்த மலர் போகும். ஆகவே பெயரைச் சொல்லாமல் எழுதுகிறேன்.

1975-ஆம் வருஷம். ஆழ்வார்பேட்டையில் எல்டாம்ஸ் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் தகரக் கொட்டகை போட்ட தேகப்பயிற்சி சாலை ஒன்று இருந்தது. சுவரில் ஆஞ்சநேயர் படம், மூலையில் கர்லாக்கட்டைகள், துரு ஏறிய இரண்டு இரும்புக் கம்பிகள், ஒரு ரசம் போன கண்ணாடி. அவ்வளவுதான். நானும் என் பெஞ்ச் நண்பனும் ஒரே நாளில் சேர்ந்தோம். ஒரே தண்டால், ஒரே பஸ்கி, ஒரே ஊறவைத்த கொண்டைக்கடலை. ஆறு மாதத்தில் அவனுக்குச் சட்டைக் கை இறுகிப் போனது. எனக்கோ பனியன்கூட இறுகவில்லை!

"டேய், உன் வம்சத்துலயே கிடையாதுடா. விட்டுடு" என்றான் அவன்.

அன்றிரவு சாப்பிடும்போது அப்பாவிடம், "உங்க உடம்புதான்ப்பா எனக்கும் வந்திருக்கு" என்று கோபமாகச் சொல்லிவிட்டேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். அடுத்த மாதம் நான் பயிற்சியை விட்டேன். வம்சமா, உழைப்பா என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இதன் சரித்திரத்தை நிதானமாகப் படித்தேன். அதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

அந்தப் பனியனிலிருந்தே ஆரம்பிக்கலாம். கையில்லாத பனியனை நாம் எல்லோரும் சாண்டோ பனியன் என்கிறோம். சாண்டோ என்பது ஓர் ஆளின் பெயர். யூஜின் சாண்டோ, 1867-ல் பிரஷ்யாவில் பிறந்தவர். பலத்தைக் காட்டிக் காசு வாங்கிய பயில்வான்கள் அவருக்கு முன்பும் உண்டு. உடம்பின் அழகைக் காட்டியே உலகப் புகழ் பெற்றவர் இவர். 1901-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அவர் நடத்திய உடற்கட்டுப் போட்டிக்கு நடுவராக உட்கார்ந்தவர்களில் ஒருவர் ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில்! 1904-05-ல் சாண்டோ இந்தியாவுக்கும் வந்து போனார். "நான் சிறுவயதில் நோஞ்சான். உழைத்துத்தான் இப்படி ஆனேன்" என்பது அவர் சொன்ன கதை. அதை நம்பி உலகமே அவருடைய புத்தகத்தையும் பயிற்சிக் கருவிகளையும் வாங்கியது. பிறவியிலேயே அமைந்த உடம்பு என்று சொல்லியிருந்தால் யார் வாங்கியிருப்பார்கள்?

அந்தப் பெயர் நம் ஊரில் பட்டமாகவே ஆகிவிட்டது. தேவர் பிலிம்ஸ் அதிபர் சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவரை நம் பேட்ச்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1915-ல் கோயம்புத்தூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, உடம்பை வளர்த்து, அந்த உடம்பையே மூலதனமாக வைத்துச் சினிமாவுக்குள் நுழைந்தவர். இவருக்கு ஒரு தலைமுறை முந்தியவர் கோடி ராமமூர்த்தி நாயுடு. ஆந்திராவில் பிறந்து, நம் சைதாப்பேட்டையில் உடற்பயிற்சி ஆசிரியர் பயிற்சி பெற்றவர். மார்பின் மேல் யானையை ஏற்றிக்கொண்டவர் என்று கேட்டிருப்பீர்கள். நந்தனத்தில் இருக்கிற ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியும் 1920-ல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் தொடங்கியதுதான். ஆக, தேகப்பயிற்சி நம் பேட்டைக்குப் புதிதல்ல.

ஆனால் அந்தக் காலத்தில் இது வெறும் தேகப்பயிற்சி விஷயமாக இருக்கவில்லை. என் நண்பன் எனக்குச் சொன்னதை வெள்ளைக்காரன் ஒரு மாகாணத்துக்கே சொன்னான்! 1757-ல் பிளாசிப் போரில் கிளைவுக்காகச் சண்டை போட்டவர்களில் சென்னைச் சிப்பாய்களும் உண்டு. 1857 கலகத்துக்குப் பிறகு காற்று மாறியது. சில சாதியார்தான் பிறவி வீரர்கள், மற்றவர்கள் உதவ மாட்டார்கள் என்ற கொள்கை பரவியது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டார் போருக்கு லாயக்கில்லை என்று முடிவு கட்டினார். தெற்கே ஆள் எடுப்பது குறைந்துகொண்டே போய், 1920-களில் மெட்ராஸ் ரெஜிமென்டே கலைக்கப்பட்டது. பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. ஆள் தேவைப்பட்டதும் அதே சென்னை மாகாணத்தில் ஏராளமாக ஆள் எடுத்தார்கள், ரெஜிமென்டும் திரும்ப வந்தது. இருபது வருஷத்தில் ரத்தமா மாறிவிட்டது?

வங்காளிகளுக்கும் இதே கதிதான். கோழைகள், பலமற்றவர்கள் என்று மெக்காலே காலத்திலிருந்தே ஏச்சு. அங்கே தெருவுக்குத் தெரு தேகப்பயிற்சிக் கூடங்கள் முளைத்ததற்கு இந்த அவமானமும் ஒரு காரணம். பலன் என்ன தெரியுமா? 1951-ல் மனோதோஷ் ராய், 1952-ல் மனோகர் ஐச் என்று இரண்டு வங்காளிகள் அடுத்தடுத்து லண்டனில் மிஸ்டர் யூனிவர்ஸ் போட்டியில் தங்கள் பிரிவில் ஜெயித்தார்கள். ஐச் நாலடி பதினோரு அங்குலம்தான். விமானப்படையில் இருந்தபோது வெள்ளை அதிகாரியை எதிர்த்ததற்காகச் சிறைக்குப் போனவர். சிறையிலேயே மணிக்கணக்காகப் பயிற்சி செய்தார். அதைப் பார்த்து அதிகாரிகள் அவருக்குத் தனிச் சாப்பாடு கொடுத்தார்களாம். 2016-ல் நூறு வயதைத் தாண்டித்தான் காலமானார். எத்தனை பயிற்சி செய்தாலும் அவரால் ஓர் அங்குலம் உயர்ந்திருக்க முடியாது. அது பிறவி. அந்த உயரத்துக்குள் என்ன கட்டலாம் என்பதை உழைப்பும் சாப்பாடும் தீர்மானித்தன.

அப்படியானால் என் நண்பன் சொன்னது முழுப் பொய்யா? இல்லை. விஞ்ஞானம் அவன் பக்கமும் பேசுகிறது. 2005-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. 585 பேர், ஒரு கைக்கு மட்டும் 12 வாரம் ஒரே விதமான பயிற்சி. ஒருவருக்குப் புஜத் தசை 59 சதவீதம் பருத்தது. இன்னொருவருக்கு 2 சதவீதம் குறைந்தே போனது! பலத்திலும் அப்படித்தான். ஒருவருக்கு 250 சதவீதம் ஏற்றம், ஒருவருக்கு ஒன்றுமே இல்லை. மயோஸ்டேட்டின் என்ற புரதம் தசை வளர்ச்சிக்குப் பிரேக் போடுகிறது என்பதை 1997-ல் எலிகளில் கண்டுபிடித்தார்கள். அந்தப் பிரேக் பிறவியிலேயே வேலை செய்யாத மாடுகள் பெல்ஜியத்தில் உண்டு. தசையே மலையாக நடந்து வரும். மனிதர்களில் அவ்வளவு தூரம் போவது மிக மிக அபூர்வம். ஆனால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் நிச்சயம் உண்டு.

நம் வேலூர் சத்துவாச்சாரியைப் பாருங்கள். 1978 எட்மன்டன் காமன்வெல்த் போட்டியில் பளு தூக்குதலில் கருணாகரன் தங்கம் வாங்கினார். அதே மண்ணின் சதீஷ் சிவலிங்கம் 2014-லும் 2018-லும் தங்கம் வாங்கினார். சதீஷின் அப்பாவும் பளு தூக்கியவர். ரத்தம்தான் என்று ஒருவர் சொல்லலாம். வீட்டிலேயே வாத்தியார், பக்கத்திலேயே கூடம், தெருவெல்லாம் அதே பேச்சு என்று இன்னொருவர் சொல்லலாம். இரண்டையும் பிரித்துக் காட்ட முடியுமா? அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருவது ரத்தம் மட்டும் இல்லையே!

இங்கேதான் என் அப்பாவிடம் திரும்பி வருகிறேன். அவர் போன பிறகு ஒருநாள் அத்தை பழைய கதை சொன்னார். யுத்த காலத்தில் அரிசிக்கு ரேஷன். அப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயது. ஒருவேளைக் கஞ்சியில் வளர்ந்த உடம்பு அது. "உன்னை எக்ஸர்சைஸுக்கு அனுப்பினான் பாரு, அப்ப வீட்டுல பால் அரை லிட்டர் கூட்டினாங்க. அதுக்காக உங்கப்பா ரெண்டு வேளை காபியை நிறுத்தினான். உனக்குத் தெரியாதாடா?" என்றார்.

எனக்குத் தெரியாது. அவர் புஜம் மெலிந்திருந்ததற்கு நான் வம்சம் என்று பெயர் வைத்தேன். அது பசி. என் ஆறு மாத நோட்டை இப்போது எடுத்துப் பார்க்கிறேன். மாஸ்டர் எல்லோரையும் எழுதச் சொல்வார்: "கண்ணாடியைப் பாக்காத தம்பி, நோட்டைப் பாரு." முதல் நாள் 8 தண்டால். கடைசி நாள் 45. வளர்ந்திருக்கிறேன்! நண்பனின் சட்டைக் கையையே பார்த்துக்கொண்டிருந்ததால் என் நோட்டைப் பார்க்கவில்லை.

இந்நாள் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்து பெஞ்சுக்காரன் மூன்று மாதத்தில் பெற்றது உங்களுக்கு மூன்று வருஷம் ஆகலாம். அது உங்கள் குற்றம் இல்லை. அதற்காக ஊசி, மாத்திரை என்று குறுக்கு வழியில் போகாதீர்கள். விலை இதயத்திலும் ஈரலிலும் எழுதப்படும். யாராவது ஒரு சாதிக்கோ ஊருக்கோ சேர்த்து "பிறவியிலேயே அப்படி" என்று சொன்னால், ராபர்ட்ஸை நினைத்துக்கொள்ளுங்கள்.

என் வயதுக்காரர்களுக்கும் ஒரு செய்தி. 1990-ல் பாஸ்டனில் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்து முதியவர்களுக்கு 8 வாரம் கால்களுக்குப் பளுப் பயிற்சி கொடுத்தார்கள். பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. நான் மறுபடி தண்டால் எடுக்க ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. நேற்றைய கணக்கு 22. பெயர் சொல்லாத நண்பனே, சந்திப்பு நாளன்று சாண்டோ பனியனோடு வா. உன் நோட்டையும் கொண்டு வா, பார்க்கலாம்!