ஸ்டார் டைகர்

1948 ஜனவரி 30 அதிகாலையில், அசோர்ஸ் தீவுகளிலிருந்து பெர்முடாவுக்குச் செல்லும் வழியில் அட்லாண்டிக் கடலின் மேல் காணாமற்போன பிரிட்டிஷ் பயணிகள் விமானம். அவ்ரோ நிறுவனத்தின் டியூடர் 4 வகையைச் சேர்ந்தது. பயணிகள் 25 பேரும் பணியாளர்கள் 6 பேரும் இருந்தனர். ஓர் உடைந்த துண்டோ உடலோ இன்றுவரை கிடைக்கவில்லை.

நிறுவனமும் விமானமும்

விமானத்தின் உரிமையாளர் பிரிட்டிஷ் சவுத் அமெரிக்கன் ஏர்வேஸ். போர்க்காலத்தில் குண்டுவீச்சு விமானங்களுக்கு இலக்குக் காட்டிச் செல்லும் 'பாத்ஃபைண்டர்' படைக்குத் தலைமை தாங்கிய டான் பென்னெட் இதன் நிர்வாகி. புதிதாகத் திறக்கப்பட்ட ஹீத்ரூவிலிருந்து 1946 ஜனவரி 1 அன்று முதன்முதலாகப் புறப்பட்டது இந்நிறுவனத்தின் விமானமே, ஓட்டியவர் பென்னெட். விமானங்களுக்கெல்லாம் 'ஸ்டார்' என்று தொடங்கும் பெயர் சூட்டுவது நிறுவனத்தின் வழக்கம். பணிப்பெண்களையும் 'ஸ்டார் கேர்ள்ஸ்' என்றே அழைத்தார்கள். 1947 ஆகஸ்டில் இதன் 'ஸ்டார் டஸ்ட்' விமானம் 11 பேருடன் ஆண்டிஸ் மலையில் மறைந்தது.

டியூடர் வகைக்குத் தொடக்கத்திலிருந்தே ராசியில்லை. அரசு நிறுவனமான பி.ஓ.ஏ.சி. இதை வேண்டாமென்று தள்ளியது. 1947 ஆகஸ்டில் டியூடர் 2 முன்மாதிரி ஒன்று விழுந்து நொறுங்கியதில், லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தை வடிவமைத்த ராய் சாட்விக் இறந்தார். இறக்கை ஓர மடல்களை அசைக்கும் கம்பிகளை மாற்றிப் பூட்டியிருந்தது பிறகுதான் தெரிந்தது.

கடைசிப் பயணம்

லண்டன், லிஸ்பன், அசோர்ஸின் சாந்தா மரியா, பெர்முடா, ஹவானா என்பது பயணத் திட்டம். முதல் கட்டத்திலேயே கேபின் ஹீட்டர் சரிவர வேலை செய்யவில்லை. திசைகாட்டிகளில் ஒன்றும் பழுது. லிஸ்பனில் ஓர் எஞ்சினைச் சரிபார்க்க வேண்டியிருந்ததால் இரண்டரை மணி நேரம் போயிற்று. சாந்தா மரியாவில் வானிலை மோசமாக இருந்ததால் கேப்டன் பிரையன் மக்மில்லன் இரவு தங்க முடிவு செய்தார். இவற்றில் எதுவும் அக்காலப் பயணத்துக்குப் புதிதல்ல. பின்னால் நடந்தது தெரிந்து படிப்பதால்தான் ஒவ்வொன்றும் சகுனம்போலத் தோன்றுகிறது.

பயணிகளில் பெயர் பெற்றவர் ஏர் மார்ஷல் சர் ஆர்தர் கானிங்ஹாம். வட ஆப்பிரிக்கப் போரில் பாலைவன விமானப் படையை நடத்தியவர், நியூசிலாந்தில் வளர்ந்தவர். அதனால் வந்த 'மாவோரி' என்ற பட்டப்பெயர் நண்பர்கள் வாயில் தேய்ந்து 'மேரி' ஆயிற்று. அந்தப் பெண் பெயரை அவர் கடைசிவரை மறுக்கவில்லை.

ஜனவரி 29 பிற்பகல் 3.34-க்கு (நேரங்கள் யாவும் கிரீன்விச் கணக்கு) ஸ்டார் டைகர் கிளம்பியது. அதே நிறுவனத்தின் லங்காஸ்ட்ரியன் விமானம் ஒன்று, ஃபிராங்க் கிரிஃபின் ஓட்ட, ஒரு மணி நேரம் முன்னதாகவே புறப்பட்டிருந்தது. முன்னே செல்பவர் காற்றின் போக்கைப் பின்னே வருபவருக்குச் சொல்வது என்று ஏற்பாடு. எதிர்க்காற்றின் முழு வேகத்தைத் தவிர்க்க இரு விமானங்களும் 2,000 அடி உயரத்திலேயே பறந்தன. காற்றைத் தவிர்க்க இது நல்ல வழி. ஆனால் ஏதாவது நேர்ந்தால் கைவசம் இருப்பதும் அந்த 2,000 அடிதான்.

நள்ளிரவுக்குப் பின் 1.26-க்கு நேவிகேட்டர் நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிட்டபோது, விமானம் பாதையிலிருந்து சுமார் 60 மைல் விலகியிருப்பது தெரிந்தது. திருத்திக்கொண்டு திரும்பியபோது காற்று நேர் எதிரே வந்தது. சுமார் 4 மணிக்கு இறங்க வேண்டிய விமானம் இனி 5 மணிக்குத்தான் சேரும். எரிபொருள் அதற்கு மேலும் ஒரு மணி நேரத்துக்காவது இருந்திருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பெர்முடாவோ நடுக்கடலில் ஒரு சிறு தீவு. தவறவிட்டால் அருகில் வேறு தரையில்லை.

3.04-க்கு ரேடியோ அதிகாரி பெர்முடாவிடம் திசை கேட்டார். சிக்னல் வலுவாக இல்லை. 3.15-க்கு மீண்டும் கேட்டார். 72 டிகிரி என்று பெர்முடா சொன்னது. பிழை இருந்தால் 2 டிகிரிக்குள். கிடைத்தது என்று விமானத்திலிருந்து பதில் வந்தது. அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. அபாயக் குரல் இல்லை, அவசரம் இல்லை; வழக்கமான ஓர் ஒப்புகையோடு பதிவு நின்றுவிடுகிறது.

3.50-க்கு பெர்முடா அழைத்தபோது பதிலில்லை. குரல் வழித் தொடர்புக்கு மாறியிருப்பார்கள் என்று அங்கிருந்தவர் எண்ணினார். விமான நிலையக் கட்டுப்பாட்டு அறையைக் கேட்டால் அங்கும் செய்தி இல்லை. 4.05-க்கு மறுபடியும் முயன்று, 4.40-க்குத்தான் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. இந்த இடைவெளியைப் பின்னாளில் பலர் துருவியிருக்கிறார்கள். கிரிஃபின் 4.11-க்குப் பத்திரமாக இறங்கியிருந்தார். மின்னலோ பனி உறைவோ கடும் குலுக்கலோ தன் வழியில் இல்லை என்றார் அவர்.

 

தேடலும் விசாரணையும்

26 விமானங்கள் 882 மணி நேரம் பறந்து தேடின. மோசமான வானிலையில் எதுவும் அகப்படவில்லை. பெர்முடாவுக்கும் டெலவேர் வளைகுடாவுக்கும் நடுவே விளக்குகள் விட்டுவிட்டு எரியத் தாழப் பறந்த விமானம் ஒன்றைக் கண்டதாக 'ட்ருபடோர்' என்ற சரக்குக் கப்பல் தெரிவித்தது. அது ஸ்டார் டைகராக இருந்தால் தீவைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். இதை ஏற்பாரும் உண்டு, வேறு விமானம் என்பாரும் உண்டு.

டியூடர்கள் பறக்கத் தடை விதிக்கப்பட்டது. பத்திரிகைப் பேட்டியில் அதை எதிர்த்த பென்னெட் பதவி இழந்தார். நாசவேலை என்ற சந்தேகத்தை அவர் பின்னாளில் எழுப்பினார். அதற்குச் சான்று எதுவும் வெளிவரவில்லை.

மக்மில்லன் பிரபு தலைமையிலான விசாரணை 1948 ஏப்ரலில் லண்டனில் நடந்தது. (விமானியின் பெயரும் நீதிபதியின் பெயரும் ஒன்றாக அமைந்தது தற்செயல்.) பயணத் திட்டமிடலில் கவனக்குறைவுகள் இருந்ததை அறிக்கை சுட்டியது, ஆனால் விபத்துக்கு அவையே காரணம் என்று சொல்லவில்லை. எரிபொருள் தீர்ந்தது, எஞ்சின் நின்றது, தீப்பற்றியது என எதையும் உறுதிசெய்ய முடியாமல், காரணம் அறியப்படாது என்றே முடித்தது.

பிற்காலம்

தடை நீங்கிய பின், 1949 ஜனவரி 17 அன்று இதே வகையைச் சேர்ந்த 'ஸ்டார் ஏரியல்' 20 பேருடன் பெர்முடாவிலிருந்து ஜமைக்காவுக்குப் போகும்போது, நல்ல வானிலையில் மறைந்தது. டியூடர் 4 பயணிகள் சேவையிலிருந்து விலக்கப்பட்டது. நிறுவனமும் அவ்வாண்டே பி.ஓ.ஏ.சி.யுடன் இணைக்கப்பட்டது.

1964-இல் வின்சென்ட் காடிஸ் 'பெர்முடா முக்கோணம்' என்ற பெயரைப் பரப்பிய பின் ஸ்டார் டைகர் அங்கு மறைந்தவற்றின் பட்டியலில் நிரந்தர இடம் பெற்றது. முக்கோணம் விரிவது தீவுக்குத் தென்மேற்கே. விமானத்தின் கடைசிச் செய்தி வந்ததோ தீவுக்குக் கிழக்கு வடகிழக்கே, முந்நூறு மைலுக்கு அப்பாலிருந்து.

2009-இல் பி.பி.சி.க்காக டாம் மாங்கோல்ட் நடத்திய ஆய்வு, தாழப் பறந்ததால் எரிபொருள் தீர்ந்திருக்கலாம் என்ற கருத்தையும் டியூடர்களின் ஹீட்டர் அமைப்பின் குறைகளையும் முன்வைத்தது. ஸ்டார் டஸ்டின் சிதைவுகள் அரை நூற்றாண்டுக்குப் பின் துபுங்காத்தோ மலையின் பனியாற்றில் வெளிப்பட்டன. ஸ்டார் டைகர் கிடந்தால் கிடப்பது கடலடியில்.