ஒப்பந்தமும் ஒதுக்கப்பட்டோரும்

குறைந்த விலை கேட்டவனுக்கே பணி. இதுவே ஒப்பந்தப்புள்ளி முறை. கருநாடகத்தின் 1999ஆம் ஆண்டு வெளிப்படைத்தன்மைச் சட்டம் இதனை நெறிப்படுத்திற்று. நன்று! ஆனால் விலை கூறுமுன் முன்வைப்புத் தொகை கேட்பர். முன்பு செய்த பணிக்குச் சான்றும் கேட்பர். தலைமுறை தலைமுறையாய்க் கல் சுமந்தவன் தோளில் தழும்பிருக்கும், கையில் சான்றிருக்குமோ? சாலை போட்டவன் அவன், ஒப்பந்தக்காரன் வேறொருவன்!

பங்கு கேட்கும் குரல் அம்மண்ணுக்குப் புதிதன்று. 1918இல் மைசூர் அரசு அமைத்த மில்லர் குழு, அரசு அலுவல்களில் பார்ப்பனரல்லாதார்க்கு இடம் கோரிற்று. ஒப்பந்தத்தில் அக்குரல் சட்டமாக ஏறத்தாழ நூறாண்டு ஆயிற்று. 2017இல் வந்த திருத்தம், 50 இலட்ச ரூபாய் வரையிலான கட்டுமானப் பணிகளில் 17.15 விழுக்காடு வரை பட்டியல் வகுப்பினர்க்கும், 6.95 விழுக்காடு வரை பழங்குடியினர்க்கும் ஒதுக்கிற்று. 2023இல் அவ்வரம்பு 1 கோடியாயிற்று.

தகுதி கெடுமென்று கூக்குரலிடுவோரே, ஒதுக்கீட்டுக்குள்ளும் விலைப்போட்டி உண்டு. பொறியாளரின் அளவுப் புத்தகமும் உண்டு.