பெயர் பொறித்த செங்கல்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது முதுமொழி. ஒரே தீயில் வெந்த சோற்றுக்கு அது பொருந்தும். பல கைகள் மாறிக் கடல் கடந்து வரும் பண்டத்தின் தரத்தை எங்ஙனம் அறிவது? 2021ஆம் ஆண்டில் இவ்வினா இலங்கை உழவர் அனைவர்க்கும் உரியதாயிற்று.

அவ்வாண்டு இலங்கை இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தது. ஈடாகச் சீனத்துச் சிங்தாவோ நகரக் கம்பனியொன்றிடம் சேதனப் பசளை வாங்க ஒப்பந்தமாயிற்று. மாதிரிகளில் பயிருக்குத் தீங்கிழைக்கக்கூடிய கிருமி இருப்பதாக இலங்கையின் தாவரத் தொற்றுக்காப்பு அதிகாரிகள் கூறினர். கம்பனியோ அதனை மறுத்தது. 'ஹிப்போ ஸ்பிரிட்' என்னும் கப்பலில் வந்த சரக்கு இறக்கப்படவில்லை. எனினும் 2022 சனவரியில் இலங்கை 67 இலட்சம் டொலர் செலுத்த நேர்ந்தது. பெரும்போகத்தை எதிர்நோக்கியிருந்த வினாயகபுரம் போன்ற அம்பாறைக் கரையோர ஊர்களின் உழவனுக்கு, வழக்கில் வென்றவர் யாவர் என்பதினும் வயலுக்கு உரம் வராமையே பெரிதாயிற்று.

இதனைக் கொண்டு சீனர் தரம் பேணாதார் எனக் கருதுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. 14ஆம் நூற்றாண்டில் மிங் அரசர் நான்சிங் நகருக்கு மதில் எழுப்பினர். அம்மதிலின் செங்கற்கள் பலவற்றில், அவற்றைச் செய்தோர், மேற்பார்த்த அலுவலர் ஆகியோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. கல் பழுதாயின், பொறுப்பாளி யாரென்பதைக் கல்லே சொல்லும்.

அவ்வுணர்வு நம் காலத்திலும் வெளிப்பட்டது, அதே சிங்தாவோ நகரில். பிற்காலத்தில் ஹையர் எனப் பெயர்பெற்ற குளிர்சாதனப் பெட்டித் தொழிற்சாலையைச் சாங் ருய்மின் என்பார் நிருவகித்தார். 1985இல் ஒரு வாடிக்கையாளர் முறையிடவே, கையிருப்பைச் சோதித்தபோது 76 பெட்டிகள் பழுதுடையனவாகக் காணப்பட்டன. ஒரு பெட்டியின் விலை தொழிலாளியின் ஏறத்தாழ ஈராண்டு ஊதியம். குறைந்த விலைக்கு அவற்றைத் தொழிலாளருக்கே கொடுத்துவிடலாமெனச் சிலர் வேண்டினர். சாங் இணங்கவில்லை, செய்தவர் கையாலேயே அவற்றைச் சம்மட்டியால் உடைப்பித்தார்.

இதற்கு மாறான பாடத்தை 2008 புகட்டியது. சான்லு என்னும் பெருங் கம்பனியின் பால்மா, நற்பெயர் காரணமாக அரசுச் சோதனையினின்று விலக்குப் பெற்றிருந்தது. பல இடங்களில் திரட்டிய பாலில் நீர் கலந்தோர், புரதம் மிகுந்ததுபோற் காட்ட மெலமைன் என்னும் இரசாயனத்தைச் சேர்த்தனர். அக்காலச் சோதனை நைதரசனை அளந்ததேயன்றிப் புரதத்தை நேராக அளக்கவில்லை. சான்லு உட்படப் பல கம்பனிகளின் பால்மாவிலும் மெலமைன் காணப்பட்டது. ஏறத்தாழ 3 இலட்சம் குழந்தைகள் நோயுற்றனர். ஆறு குழந்தைகள் மாண்டனர். சோதனை விலக்கு முறை அவ்வாண்டே ஒழிக்கப்பட்டது. 2009இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது.

ஆகவே ஒரு கம்பனியின் தரத்தை மதிப்பிடுவோர் அதன் புகழையும் சான்றிதழையும் மட்டும் நோக்குதல் போதாது. மூலப்பொருள் எவர் கையால் வந்தது, பழுது கண்டவிடத்துப் பொறுப்பேற்பவர் யார் என்று வினவுதல் வேண்டும். எந்தச் சோதனையை எவர் நடத்துவது, முடிவில் பிணக்குண்டாயின் எவர் தீர்ப்பது என்பவற்றை ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் வரையறுத்தல் அதனினும் இன்றியமையாதது. கப்பல் புறப்பட்டபின் எழும் ஐயத்துக்கு விலை கொடுப்பவன் பெரும்பாலும் வயலில் நிற்பவனே.