நிற்கவும் மீண்டும் இயங்கவும் கற்ற எஞ்சின்

தெருச்சந்தியிற் செவ்விளக்கு ஒளிர்ந்ததும் மோட்டார் வண்டி நிற்கின்றது. ஆனால் அதன் எஞ்சின் நிற்பதில்லை. வண்டியை ஓரடியேனும் நகர்த்தாமலே அது எரிபொருளைச் செலவிட்டுப் புகையைக் கக்குகின்றது. வண்டி நின்றவுடன் எஞ்சினை நிறுத்தி, புறப்படும் வேளையில் அதனை மீண்டும் தானாகவே இயங்கச் செய்யலாம் என்ற எண்ணம் மிக எளியது. எனினும், அவ்வெண்ணம் செயலுருப்பெற்றுப் பரவலான வழக்கிற்கு வர ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சென்றன. இத்தாமதத்தின் காரணங்களை நோக்கின், ஒரு கண்டுபிடிப்புச் சமுதாயத்தில் வேரூன்றும் முறை தெளிவாகும்.

உட்டகன எஞ்சின் தானாக இயங்கத் தொடங்கும் ஆற்றலற்றது. முசலங்கள் ஓரளவு வேகத்துடன் அசைந்தாலன்றி உருளைகளுள் தகனம் நிகழாது. எனவே வெளிவிசையொன்று அதனை முதலிற் சுழற்றுதல் வேண்டும். தொடக்க காலத்தில் இவ்வேலையைக் கைப்பிடிகொண்டு மனிதரே செய்தனர். எஞ்சின் எதிர்த்திசையில் உதைத்துக் கையெலும்பு முறிந்தோர் பலர். அமெரிக்கரான சார்ள்ஸ் கெற்றரிங் உருவாக்கிய மின் தொடக்கி, 1912ஆம் ஆண்டுக்குரிய கடிலாக் வண்டியில் இடம்பெற்றதன் பின்னரே இவ்விடர் நீங்கலாயிற்று. ஆயினும் தொடக்கியும் மின்கலவடுக்கும் நாளொன்றுக்குச் சில தடவை மட்டும் உழைக்குமாறே அமைக்கப்பட்டன. ஓடத்தொடங்கிய எஞ்சினைப் பயணம் முடியும்வரை ஓடவிடுவதே நியதியாயிற்று.

இந்நியதியை முதலில் வினாவுக்குள்ளாக்கியது எண்ணெய் நெருக்கடியாகும். 1973 ஒக்டோபரில் மத்திய கிழக்கில் மூண்ட போரையடுத்து, பீப்பாயொன்று ஏறத்தாழ 3 டொலராக இருந்த எண்ணெய் விலை 1974இன் தொடக்கத்தில் 12 டொலரை நெருங்கியது. தனக்கு வேண்டிய எண்ணெயில் ஏறத்தாழ முழுவதையும் இறக்குமதியாலேயே பெற்றுவந்த யப்பான் பெரிதும் கலங்கியது. அப்பத்தாண்டின் நடுப்பகுதியில் ரொயோட்டா நிறுவனம் தனது கிரவுண் வண்டியில் ஒரு சிறிய மின்னணுக் கருவியைப் பொருத்தியது. வண்டி 1.5 செக்கனுக்கு மேல் அசையாது நின்றால் அக்கருவி எஞ்சினை நிறுத்திவிடும். ரோக்கியோ நகரின் நெரிசலில் நடத்திய சோதனையில் எரிபொருட் சிக்கனம் 10 சதவீதம் உயர்ந்தது. 1980களின் முற்பகுதியில் இத்தாலியின் பியட், ஜேர்மனியின் வொல்க்ஸ்வாகன் ஆகிய நிறுவனங்களும் இத்தகைய முயற்சிகளில் இறங்கின. ஆனால் 1986இல் எண்ணெய் விலை சரிந்தது. சிக்கனத்தின் மீதிருந்த நாட்டமும் தளர்ந்தது.

1990களில் வொல்க்ஸ்வாகன் நிறுவனம் மேலும் ஒருபடி சென்றது. அது வெளியிட்ட கோல்வ் இக்கோமற்றிக் என்னும் டீசல் வண்டியில், ஆர்முடுக்கியிலிருந்து காலை எடுத்தால் ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் அணைந்துவிடும். மீண்டும் மிதித்தால் உயிர்பெறும். அதனை வாங்க முன்வந்தோர் மிகச் சிலரே. எஞ்சினின் ஓசையையே வண்டியின் உயிர்க்குறியாகக் கொண்ட ஓட்டுநருக்கு, நடுத்தெருவில் எழும் மௌனம் பழுதின் அறிகுறியாகவே தோன்றும். மேலும், ஒரு சந்தியில் ஒருவர் மீதப்படுத்துவது சில துளிகளே. நகரமுழுவதும் சேரும்போதே அது பெருந்தொகையாகும். நன்மை பொதுவானது, தொல்லையோ தனியொருவருக்குரியது. ஆகவே சந்தை இதனை வேண்டி நிற்கவில்லை.

இதற்கிடையே தொழினுட்பம் முதிர்ந்தது. 1997இல் யப்பானில் விற்பனைக்கு வந்த பிரியஸ், எஞ்சினோடு மின்மோட்டரையும் இணைத்ததால், எஞ்சின் நிற்பதும் தொடங்குவதும் பயணிகளுக்கு இடையூறாகவில்லை. 2004இல் பிரான்சின் சித்திரோன் நிறுவனம், மின்பிறப்பாக்கியும் தொடக்கியும் ஒன்றான பொறியைப் பட்டியால் எஞ்சினுடன் பிணைத்தது. 2009இல் மஸ்டா, முசலங்களைத் தக்க நிலையில் நிறுத்தி, உருளையுள் நேரடியாக எரிபொருள் செலுத்தி, 0.35 செக்கனில் எஞ்சினை மீளத் தொடக்கியது. பல்லாயிரந் தடவை உழைக்கத்தக்க தொடக்கிகளும், அடிக்கடி மின்னிறக்கம் பெற்றும் கெடாத மின்கலவடுக்குகளும் ஆக்கப்பட்டன.

எனினும் இறுதித் தூண்டுதல் சட்டத்திலிருந்தே வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் இயற்றிய ஒழுங்குவிதி, புதிய கார்களின் சராசரிக் காபனீரொட்சைட்டு வெளியீட்டை 2015இல் கிலோமீற்றருக்கு 130 கிராமாகக் குறைக்குமாறு பணித்தது. தவறிய நிறுவனங்களுக்குத் தண்டமும் விதித்தது. அன்றைய சோதனைமுறை 1180 செக்கன் கொண்டது. அதில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு நேரம் வண்டி நின்றேயிருக்கும். தானாக நிற்கும் எஞ்சினுக்கு அச்சோதனையிற் கிடைத்த நற்பெறுபேறே உற்பத்தியாளரை விரைவாக ஈர்த்தது. 2017 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சோதனையில் நிற்கும் நேரம் ஏறத்தாழ 13 சதவீதமாகக் குறைந்தது. அளவுகோல் மாற, அதே கருவியின் மதிப்பும் மாறிற்று.

நெடுஞ்சாலையில் இம்முறையாற் பயனில்லை. நெரிசல் மிகுந்த நகரிலே பயன் உண்மையானது. இருந்தும், இதனை நிறுத்திவைக்கும் பொத்தானைத் தேடி அழுத்தும் ஓட்டுநர் இன்றும் உளர். எண்ணம் 1970களிலேயே பிறந்தது. கைவினை அதனைப் பின்தொடர்ந்தது. தனியொருவர் பொருட்படுத்தாத துளிகளைப் பொதுக்கணக்கிற் சேர்த்த சட்டமே அதனை நிலைநாட்டியது. நிற்கையில் ஓய்வதும் வேண்டிய கணத்தில் இயங்குவதும் மின்மோட்டருக்கு இயல்பானவை. மின்சார வண்டிகள் பெருகிவரும் இக்காலத்தில், உட்டகன எஞ்சின் அரும்பாடுபட்டுக் கற்ற இப்பாடம் தேவையற்றதாகிவிடவுங் கூடும். ஆயின், பொதுநன்மையைத் தனிமனிதரின் விருப்பத்துக்கு மட்டும் விட்டுவிடலாகாது என்பதற்கு இவ்வரலாறு தக்க சான்றாக நிற்கும்.