மாறாத சொற்கள், விரிந்த பொருள்



மதரஸாக்களில் மூலநூலை 'மத்ன்' என்றும், அதன் விளக்கவுரையை 'ஷரஹ்' என்றும் ஓதுகிறோம். மூலம் சில வரிகளே. விளக்கமோ பல பாகங்களாக விரியும். நம் நாட்டு அரசியல் சாசனத்தின் வரலாறும் இத்தகையதே. அதன் 21-வது பிரிவு இதற்குத் தக்க சான்றாகும்.

1946 டிசம்பர் 9-இல் முதன்முதலாகக் கூடிய அரசியல் நிர்ணய சபை, 1949 நவம்பர் 26-இல் சாசனத்தை ஏற்றது. சட்டம் வகுத்த நடைமுறைப்படியன்றி எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கலாகாது என்கிறது 21-வது பிரிவு. அச்சட்டம் நியாயமானதா என்று நீதிமன்றம் ஆராயலாமா? 1948 டிசம்பரில் சபை இதனை விவாதித்தது. காஜி சையத் கரீமுத்தீன், சென்னை மாகாணத்தின் மஹ்பூப் அலி பேக் முதலானோர் குடிமக்களுக்குக் கூடுதல் பாதுகாப்புக் கோரினர். அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை. அக்குறையை ஓரளவு ஈடுசெய்யவே டாக்டர் அம்பேத்கர், கைதானோரின் உரிமைகளைக் கூறும் இன்றைய 22-வது பிரிவை 1949 செப்டம்பரில் முன்வைத்தார்.

1950-இல், தடுப்புக் காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தது. சட்டமன்றம் வகுத்த நடைமுறையே போதும் என்றனர் பெரும்பான்மை நீதிபதிகள். நடைமுறையில் இயற்கை நீதியும் இருத்தல் வேண்டும் என்று நீதிபதி பஸல் அலி மாறுபட்டு எழுதினார். நெருக்கடி நிலையின்போது, 1976-இல், பொருள் மேலும் சுருங்கியது: சட்டவிரோதக் காவலை எதிர்த்தும் நீதிமன்றத்தை நாட இயலாது என்று தீர்ப்பாயிற்று. நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவரே அதனை மறுத்தார்.

1978-இல் மேனகா காந்தி வழக்கில் நிலைமை மாறியது. நடைமுறை நேர்மையாகவும் நியாயமாகவும் இருத்தல் வேண்டும் என நீதிமன்றம் அறிவித்தது. பஸல் அலியின் கருத்து 28 ஆண்டுகளுக்குப் பின் வென்றது. நெருக்கடி நிலையிலும் 21-வது பிரிவை நிறுத்திவைக்கலாகாது என 44-வது திருத்தம் உறுதிசெய்தது. ஏழைக் கைதிக்கு இலவச சட்ட உதவி (1979), வாழ்வாதாரம் (1985), அந்தரங்கம் (2017) ஆகியனவும் இப்பிரிவுக்குள் அடங்கின. 1976-இன் தீர்ப்பும் 2017-இல் தவறென்று நீக்கப்பட்டது.

சகோதரர்களே! இப்பிரிவின் சொற்களில் ஓர் எழுத்தும் மாறவில்லை. துணிந்து கேட்டவர்களும், தனித்து நின்று எழுதியவர்களுமே பொருளை விரித்தனர். சுருங்கிய காலமும் உண்டு என்பதை மறவாதீர்கள். கைதானவருக்குக் காரணம் அறியவும், வழக்கறிஞரை நாடவும், 24 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்தப்படவும் உரிமை உண்டு. தடுப்புக் காவலுக்கு மட்டும் விதி வேறு. இதனை நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போமாக! அறியாதவன் கையில் உரிமை, பூட்டிய பெட்டியிலுள்ள பொருளே.