பானெட்டைத் தாங்குவது யார்? ஒரு கம்பியின் கதை

வரலாறு என்றால் ராஜாக்களும் போர்களும் மட்டும்தானா என்ன? காரின் பானெட்டைத் தூக்கிப் பிடிக்கும் கம்பிக்கும் ஒரு வரலாறு உண்டு. பி.காம் படிப்பவனுக்கு இது எதற்கு என்று கேட்காதீர்கள், கடைசியில் கணக்குப் பாடத்தில்தான் வந்து முடியும்.

எங்கள் ஜவ்வாது மலையில் இது விளையாட்டு விஷயம் இல்லை. போளூர் பக்கமிருந்தோ ஆலங்காயம் பக்கமிருந்தோ ஜமுனாமரத்தூருக்கு ஏறும் பழைய வண்டிகள் பாதி மலையில் சூடாகி நின்றுவிடும். பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுத்தான் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் பானெட் இறங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, கதைக்கு வருவோம். 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி காலத்தில் இந்தப் பிரச்சினையே இல்லை. அப்போது பானெட் கோழிச் சிறகு மாதிரி இரண்டு பக்கமும் மடிந்து திறக்கும். ஒவ்வொரு பக்கமும் லேசான தகடுதான். பிறகு முழு பானெட்டும் ஒரே தகடாகி, முதலை வாயைப் பிளப்பது போல முன்பக்கமிருந்து மேலே திறக்கும் முறை வந்தது. எடை கூடியதால் அதைத் தாங்க ஆள் தேவைப்பட்டது.

நம் நாட்டில் ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு வழியைக் கண்டது. மஹிந்திரா 1947-ல் ஜீப் தயாரிப்பில் இறங்கியது. ஜீப்பின் பானெட்டைத் திறந்து பின்னால் மடக்கினால் கண்ணாடிச் சட்டத்தின் மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளும். கம்பியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். 1961-ல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் முழுவதுமே முன்னால் சாயும். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-ல் ஒரு சாதாரண இரும்புக் கம்பி. அதைத் தூக்கி ஓட்டையில் மாட்டினால் வேலை முடிந்தது.

இதற்கு நடுவில், 1962-ல் ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரத்து ஸ்டாபிலஸ் நிறுவனம் கேஸ் ஸ்பிரிங்கைப் பெரிய அளவில் தயாரிக்கத் தொடங்கியது. நம் மெக்கானிக்குகள் ‘ஷாக்’ என்கிறார்களே, அதுதான். அதே மாருதி 800-ன் டிக்கியைத் தூக்கியது இதுதான். விலை கூடிய கார்களில் பானெட்டுக்கும் வந்தது.

இது வேலை செய்யும் விதம் எளிது. மூடிய குழாய்க்குள் அழுத்தி அடைத்த நைட்ரஜன், கொஞ்சம் எண்ணெய், ஒரு பிஸ்டன். பிஸ்டனின் இரு பக்கமும் ஒரே அழுத்தம். ஆனால் ஒரு பக்கம் தண்டு இடத்தை அடைத்துக்கொள்வதால் அங்கே பரப்பு குறைவு. அந்த வித்தியாசம்தான் தண்டை வெளியே தள்ளுகிறது. நம் ஊர் ஏற்றம் நினைவிருக்கிறதா? மறுமுனையில் கல்லைக் கட்டி இறைப்பவரின் பாரத்தைக் குறைப்பார்கள். இங்கே கல்லுக்குப் பதில் காற்று, அவ்வளவுதான்.

கல் கசியாது. காற்று கசியும்! தண்டில் தூசியும் துருவும் கீறலும் பட்டால் ரப்பர் சீல் தேய்ந்து, நைட்ரஜன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். இன்னொன்று, ப்ளஸ் டூ இயற்பியலில் படித்ததுதான்: குளிரில் வாயுவின் அழுத்தம் குறையும். சமவெளியில் 40 டிகிரி மதியத்தில் இருக்கும் பலம், மலையில் 15 டிகிரி காலையில் சுமார் 8 சதவீதம் குறைந்துவிடும். புது ஷாக்குக்கு இது பொருட்டே இல்லை. தேய்ந்த ஷாக்குக்கு அந்த 8 சதவீதமே போதும். ‘நேற்று நின்றதே’ என்று நம்பித் தலையை விடுபவர் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

வழியில் நின்றால் கெட்டியான கட்டையை முட்டுக் கொடுப்பதே நல்லது. சிலர் தண்டிலேயே பிளையரைக் கவ்வ வைப்பார்கள். அந்த நேரத்துக்கு நிற்கும், ஆனால் பல் பதிந்த கீறல் சீலை இன்னும் கெடுக்கும். மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் பாரம் ஒரு பக்கமாக விழுந்து பானெட் முறுக்கிக்கொள்ளும். கழற்றுவதற்கு முன் பானெட்டுக்கு வேறு முட்டு அவசியம். பழையதை வெட்டவோ தீயில் போடவோ கூடாது, உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கலாம்.

இப்போது கணக்குப் பாடம். இரும்புக் கம்பிக்குத் தேய்மானம் என்று எழுத அநேகமாக ஒன்றுமே இருக்காது. ஷாக்குக்கோ வண்டி ஷெட்டில் நின்றாலும் தேய்மானம் உண்டு. 15 ஆண்டு முடிந்து ஆர்.சி. புதுப்பித்து ஓடும் கார்களில், டயரைப் பார்ப்பவர்கள், பேட்டரியைப் பார்ப்பவர்கள் இதை மட்டும் பார்ப்பதில்லை. வண்டியை ஓடவிடாமல் நிறுத்தாது என்பதால் செலவுப் பட்டியலில் இதற்குக் கடைசி இடம். ஆனால் அதன் கீழே குனிவது பெரும்பாலும் வண்டிக்காரர் அல்ல, மெக்கானிக்கிடம் வேலை பழகும் தம்பிதான். செலவு ஒருவர் கணக்கில், அடி இன்னொருவர் கணக்கில். எந்தப் பேரேட்டிலும் இது சரியான பதிவு இல்லை.